ஊரகக் கவுண்டியில் 911: அழைத்தால் யார் எடுக்கிறார்கள், என்ன நடக்கிறது?

நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சின்னக் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) எட்டு வருடமாக 911 டிஸ்பேட்சராக, அதாவது அமெரிக்காவின் இந்த அவசர எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுத்து உதவியை அனுப்பும் ஆளாக, வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். பொங்கல் விழாவில் பார்ப்பவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாக்கள், காரில் ஊர் சுற்றக் கிளம்பும் மாணவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பயணம் போகிறவர்கள் நகரத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் ஓட்டினால் எங்களைப் போன்ற ஓர் அறையின் பொறுப்பில் வந்துவிடுகிறார்கள். அந்த அறை எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் ஆபத்து நேரத்தில் உண்மையிலேயே உதவும்.

911 அழைத்தால் மணி எங்கே அடிக்கிறது?

நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பொறுப்பான அறையில். தமிழ்நாட்டில் 2008-இல் 108 வந்தபோது மாநிலம் முழுவதற்கும் சென்னையில் ஒரு கட்டுப்பாட்டு அறை வைத்தார்கள். அதே நினைப்பில் பலர் இங்கேயும் தலைநகரில் யாரோ எடுப்பார்கள் என்று எண்ணுகிறார்கள். இங்கே அப்படி இல்லை. நாடு முழுக்க ஆறாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் 911 அறைகள் இருக்கின்றன. பெரிய நகரத்துக்குத் தனியாக, கவுண்டிக்குத் தனியாக. சில இடங்களில் நாலைந்து கவுண்டிகள் சேர்ந்து ஒன்று. எங்கள் அறை ஷெரிஃப் (கவுண்டியின் காவல் தலைவர்) அலுவலகத்தின் பின்பக்கம், சிறைக்கு அடுத்த சுவர்.

இந்த எண் பிறந்ததே ஒரு சிற்றூரில்தான் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் ஊரில் நடந்தது. மாநில அவைத்தலைவர் ரேங்கின் ஃபைட் நகர மன்றத்திலிருந்து அழைத்தார். காவல் நிலையத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் டாம் பெவில் எடுத்து "ஹலோ" என்றார். நாடு முழுவதற்கும் இதுதான் அவசர எண் என்று சட்டம் வந்தது 1999-இல்.

ஒரு நேரத்தில் எத்தனை பேர் இருப்பீர்கள்?

பகலில் மூன்று பேர், இரவில் இரண்டு பேர். ஒருவர் சாப்பிடப் போனாலோ விடுப்பு எடுத்தாலோ ஒருவர்தான். ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம்.

நகரத்து மையங்களில் போன் எடுப்பவர் வேறு, ரேடியோவில் வண்டிகளை அனுப்புபவர் வேறு. எங்களிடம் இரண்டும் ஒரே ஆள். இடது காதில் அழைப்பவர், வலது காதில் ரேடியோ. எதிரே ஐந்து திரைகள்: ஒன்றில் போன், ஒன்றில் வரைபடம், ஒன்றில் சம்பவத்தைப் பதியும் மென்பொருள், ஒன்றில் ரேடியோ, ஒன்றில் காவல்துறைத் தரவு. டெப்யூட்டி (ஷெரிஃபின் கீழ் ரோந்து போகும் காவலர்) இருட்டில் ஒரு காரை நிறுத்தினால் அதன் நம்பரைச் சரிபார்த்துச் சொல்வதும் நாங்கள்தான். அவர் நிறுத்தியிருக்கும் வண்டி திருட்டு வண்டியா, ஓட்டுபவர் மேல் வாரண்ட் இருக்கிறதா என்பது அவர் ஜன்னலை நெருங்குமுன் அவருக்குத் தெரிய வேண்டும். அவருக்குத் துணைக்குப் போக வேண்டிய அடுத்த டெப்யூட்டி நாற்பது மைல் தள்ளி இருக்கலாம்.

பரப்பைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இதே மாநிலத்தின் வடக்கில் செர்ரி கவுண்டி என்று ஒன்று உண்டு. கிட்டத்தட்ட 6,000 சதுர மைல். 2020 கணக்கெடுப்பில் மக்கள் 5,455 பேர். தமிழ்நாட்டின் எந்த மாவட்டமும் பரப்பில் அதன் பாதிகூட வராது. மேற்குப் பாதியில் ஒரு நேர மண்டலம், கிழக்குப் பாதியில் இன்னொரு நேர மண்டலம். கவுண்டி என்றால் ஒரு தாலுகா அளவுக்கு நினைத்துக்கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

எடுத்ததும் "என்ன ஆச்சு" என்று கேட்காமல் "எங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்கிறீர்களே, ஏன்?

லைன் எந்த நொடியும் அறுந்து போகலாம். இடம் மட்டும் தெரிந்து என்ன நடந்தது என்று தெரியாவிட்டாலும் ஒரு வண்டியை அனுப்பிவிடலாம். என்ன நடந்தது என்று முழுக்கத் தெரிந்து இடம் தெரியாவிட்டால் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மூன்று வருடம் முன்பு, ஜனவரி மாதம், இரவு இரண்டரை மணி. ஒரு பையன் அழைத்தான். காரில் மான் மோதிவிட்டது, கார் பள்ளத்தில் கிடக்கிறது, நண்பனுக்குத் தலையில் ரத்தம். எங்கே என்றேன். "நெப்ராஸ்கா, ஐ-80" என்றான் ஆங்கிலத்தில். ஐ-80 என்ற இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலை எங்கள் மாநிலத்தில் 455 மைல் ஓடுகிறது. வரைபடத்தில் அவன் போன் இரண்டு கிலோமீட்டர் அகல வட்டமாகத்தான் தெரிந்தது. எங்கிருந்து எங்கே போகிறீர்கள்? டென்வரிலிருந்து சிகாகோ. சரி, கிழக்கே போகும் பக்கம். கடைசியாக எந்த ஊரில் பெட்ரோல் போட்டீர்கள், போட்டு எத்தனை நிமிடம் ஆச்சு? அவன் யோசிக்கும்போதே பக்கத்தில் இருப்பவனிடம் திரும்பி, "டேய், கண்ண மூடாதடா" என்றான்.

எனக்குக் கை ஒரு கணம் நின்றது. "தம்பி, நானும் தமிழ்தான். தமிழ்லயே சொல்லு" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு ஒரு பெரிய மூச்சு. "அக்கா" என்றான்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. போனில் மேப்பைத் திற, நீலப் புள்ளி மேல் விரலை அழுத்திப் பிடி, வருகிற நம்பரைப் படி என்றேன். ஒவ்வொரு இலக்கமாகப் படித்தான். திரையில் அடித்தேன்; வட்டம் ஒரு புள்ளியானது. இதற்கிடையில் என்னுடன் இருந்தவர் பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ் குழுவுக்கு பேஜர் ஒலியை அனுப்பியிருந்தார். காயத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்து, எடுத்து எடுத்துப் பார்க்காதே, அவன் கழுத்தைத் திருப்பாதே, நீ ரோட்டுக்கு வராதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பதினேழு நிமிடம். "அக்கா, லைட் தெரியுது" என்றான்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இன்டர்ஸ்டேட்டில் மைலுக்கு ஒன்றாகச் சாலையோரம் சின்னப் பச்சைப் பலகை இருக்கும். அதில் எண் இருக்கும். ஓட்டும்போது கடைசியாகப் பார்த்த எண்ணை, அல்லது கடந்த எக்ஸிட் (வெளியேறும் வழி) எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதையும்.

செல்போனில் இடம் தானாகத் தெரியாதா? பீட்சா கடைக்காரனுக்கே தெரிகிறதே?

இது எல்லாரும் கேட்பது, நியாயமான கேள்வியும்கூட. வீட்டு லேண்ட்லைனில் அழைத்தால் முகவரி அப்படியே திரையில் வரும். இன்று எங்களுக்கு வரும் அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை செல்போனிலிருந்து. அதில் முதலில் தெரிவது எந்த டவர், டவரின் எந்தப் பக்கம் என்பது மட்டும். சில நொடி கழித்துத்தான் அட்சரேகை, தீர்க்கரேகை வரும். வராவிட்டால் மறுபடி கேட்டு வாங்குவோம். இப்போது ஐபோனும் ஆண்ட்ராய்டும் தாமே கணித்த இடத்தைத் தனியாக அனுப்புகின்றன. அது பல நேரம் மிகத் துல்லியம். ஆனால் வானம் தெரியாத பள்ளத்தாக்கிலும், தகரக் கொட்டகைக்குள்ளும், ஒரே டவரை நம்பியிருக்கும் இடத்திலும் துல்லியம் போய்விடும். எங்கள் கவுண்டியில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய.

இன்னொரு சிக்கல் டவர். உங்கள் போன் பிடித்த டவர் பக்கத்துக் கவுண்டியில் இருந்தால் அழைப்பு அங்கே போய்விடலாம். அவர்கள் எங்களுக்கு மாற்றிவிடுவார்கள். "ஒரு நிமிஷம், உங்களை இன்னொரு அறைக்கு மாற்றுகிறேன்" என்று கேட்டால் தட்டிக் கழிக்கிறார்கள் என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். டவரைப் பார்க்காமல் அழைப்பவர் நிற்கும் இடத்தைப் பார்த்து அழைப்பை அனுப்ப வேண்டும் என்று மத்திய தகவல்தொடர்பு ஆணையம் 2024-இல் விதி போட்டது. தேவையான மாற்றம்.

வயலுக்கு நடுவே இருக்கும் பண்ணை வீட்டுக்கு முகவரி எப்படி?

முன்பெல்லாம் "ரூரல் ரூட் 2, பெட்டி 145" என்று தபால்காரருக்கு மட்டும் புரிகிற முகவரிகள். 911 வந்த பிறகு கவுண்டி கவுண்டியாகச் சாலைகளுக்குப் பெயரும் வீடுகளுக்கு எண்ணும் கொடுத்தார்கள். பல கவுண்டிகளில் இருக்கும் முறை இது: ஒரு மைலுக்கு ஆயிரம் எண், அதாவது 5.28 அடிக்கு ஓர் எண். சாலை தொடங்கும் இடத்திலிருந்து 2.35 மைலில் வாசல் இருந்தால் வீட்டு எண் 2350-ஐ ஒட்டி வரும். இரட்டைப்படை ஒரு பக்கம், ஒற்றைப்படை மறுபக்கம். டிரைவர் மைல்மீட்டரைப் பார்த்தே இருட்டில் வாசலைக் கண்டுபிடித்துவிடலாம். எங்கள் பக்கம் மைலுக்கு ஒரு சாலை குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டது போல் இருப்பதால் இது அழகாகப் பொருந்துகிறது.

பண்ணை வீட்டில் குடியிருக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து வாசலில் ஒளி பட்டால் மின்னும் எண் பலகை வையுங்கள். இரவில் எண் தெரியாமல் ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவதை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தாங்க முடியாத வேதனை.

ஏன் இத்தனை கேள்வி? முதலில் வண்டியை அனுப்பக் கூடாதா?

வண்டி ஏற்கெனவே கிளம்பிவிட்டது. இடமும் பிரச்சினையும் தெரிந்த உடனே அனுப்பிவிடுகிறோம். கேள்விகள் அதற்குப் பிறகு வருபவை. வழியில் இருப்பவர்களுக்கு என்ன கொண்டுவர வேண்டும், ஹெலிகாப்டர் தேவையா என்று சொல்லவும், அவர்கள் வரும்வரை உங்கள் கைகளைக் கொண்டு சிகிச்சையைத் தொடங்கவும்தான் அவை.

அந்தக் கேள்விகள் என் மனதில் தோன்றியவை அல்ல. 1970-களின் கடைசியில் சால்ட் லேக் சிட்டியில் ஜெஃப் கிளாசன் என்ற மருத்துவர், போனில் என்ன கேட்க வேண்டும், என்ன சொல்லித்தர வேண்டும் என்பதை அட்டை அட்டையாக எழுதி வைத்தார். இன்று பெரும்பாலான மையங்கள் அதையோ அதைப் போன்ற ஒன்றையோ பின்பற்றுகின்றன.

மாரடைப்பில் ஒருவர் விழுந்துவிட்டால் நான் கேட்பது இரண்டு: விழித்திருக்கிறாரா? சாதாரணமாக மூச்சு விடுகிறாரா? பலர் "மூச்சு இருக்கு, குறட்டை மாதிரி வருது" என்பார்கள். விட்டு விட்டு வரும் அந்தக் குறட்டை மூச்சாகாது. இதயம் நின்றுவிட்டதன் அடையாளம். உடனே கட்டிலிலிருந்து தரையில் இறக்கச் சொல்வேன். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் மறு கை, முழங்கை மடக்காமல், குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100-லிருந்து 120. நான் எண்ணுவேன், நீங்களும் சத்தமாக என்னுடன் எண்ண வேண்டும். ஒரு முறை எழுபது வயது அம்மா ஒருவர் கணவருக்கு இதைச் செய்தார். களைத்துப்போய் "முடியலை" என்றார். நான் எண்ணுவதை நிறுத்தவில்லை, அவரும் நிறுத்தவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்கு இருபது நிமிடம் ஆகும் ஊரில் அந்த அம்மாவின் கைதான் ஆம்புலன்ஸ்.

சோளக் களஞ்சியத்துக்குள் ஆள் புதைந்துவிட்ட அழைப்புகளும் இங்கே உண்டு. அப்போது நான் முதலில் சொல்வது: தானியத்தை இறக்கும் மோட்டாரை நிறுத்துங்கள், காப்பாற்ற இன்னொருவர் உள்ளே இறங்காதீர்கள். அப்பாவைக் காப்பாற்றப் பிள்ளை இறங்கி இருவருமே போவது விவசாயிகள் எல்லாரும் அறிந்து அஞ்சும் கதை.

வருவது யார்? எவ்வளவு நேரம் ஆகும்?

பெரும்பாலும் தொண்டர்கள். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சம்பளம் வாங்காதவர்கள். ஊரகப் பகுதிகளில் அநேகமாக எல்லாருமே. எங்கள் ஆம்புலன்ஸ் குழுவில் பள்ளி ஆசிரியை இருக்கிறார், விதைக் கடை வைத்திருப்பவர் இருக்கிறார், இரண்டு விவசாயிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு ஒலிகள் கொண்ட தனிச் சமிக்ஞை உண்டு. நான் அதை ரேடியோவில் அனுப்பினால் அந்தக் குழுவின் பேஜர்கள் மட்டும் விழித்துக்கொள்ளும். பிறகு நான் முகவரியையும் விவரத்தையும் படிப்பேன். அவர்கள் படுக்கையிலிருந்து எழுந்து, சொந்தக் காரில் நிலையத்துக்குப் போய், ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

பேஜர் ஒலி போன பிறகு யாராவது பதில் சொல்லும்வரை இருக்கும் அமைதி இருக்கிறதே, அதை இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். அறுவடைக் காலத்தில் பகல் இரண்டு மணிக்கு எல்லாரும் வயலில் இருப்பார்கள். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்புவேன். அதற்கும் வராவிட்டால் அடுத்த ஊர்க் குழு. ஒருவருக்கொருவர் உதவுவதாகப் பக்கத்துக் கவுண்டிகளுடன் ஒப்பந்தம் இருக்கிறது. எல்லைக் கோட்டை யாரும் பார்ப்பதில்லை.

ஆக, நேரம் எவ்வளவு என்றால் ஊருக்குள் ஏழெட்டு நிமிடம், தூரத்துப் பண்ணைக்கு அரை மணிகூட ஆகலாம். இதை மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை. தெரிந்திருந்தால்தானே வீட்டில் ஒருவராவது சிபிஆர், அதாவது மேலே சொன்ன மார்பை அழுத்தும் முதலுதவியை, கற்றுக்கொள்வீர்கள்.

மிக மோசமான காயம் என்றால் ஹெலிகாப்டர். அது இறங்க நூறடிக்கு நூறடி சமதளம் வேண்டும், மேலே மின்கம்பி கூடாது. தீயணைப்புத் தொண்டர்கள் வண்டிகளை நிறுத்தி இடத்தை அடையாளம் காட்டுவார்கள். காற்றும் பனியும் சரியில்லை என்றால் விமானி மறுத்துவிடுவார். அது அவர் முடிவு, நாங்கள் வற்புறுத்த மாட்டோம்.

ஆங்கிலம் சரியாக வராது. அப்பா அம்மா தனியாக வீட்டில் இருக்கிறார்கள். என்ன செய்வது?

"டமில்" என்ற ஒரு சொல் போதும். ஆங்கிலக் காதுக்குப் பிடிபடும்படி அப்படியே சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலான மையங்களில் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. பொத்தானை அழுத்தி, மொழிபெயர்ப்பாளரை மூன்றாவது ஆளாக லைனில் சேர்ப்போம். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். வைத்துவிடக் கூடாது.

அதற்கு முன் ஒரு வேலை. வீட்டு முகவரியைப் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதி, படிக்கும் விதத்தைக் கீழே தமிழில் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். கூடவே அவர்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயர்கள். என் அம்மா வந்திருந்தபோது நான் முதல் நாளே செய்த வேலை இதுதான்.

தவறி 911 அழுத்திவிட்டேன். வைத்துவிடலாமா?

வைக்காதீர்கள். "தெரியாமல் அழுத்திவிட்டேன், யாருக்கும் ஒன்றுமில்லை" என்று ஒரு வரி சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டோம், அபராதமும் இல்லை. வைத்துவிட்டால் நான் திரும்ப அழைக்க வேண்டும். நீங்கள் எடுக்காவிட்டால் ஒரு டெப்யூட்டியை அனுப்ப வேண்டும். கவுண்டி முழுவதற்கும் இரண்டு டெப்யூட்டிகள் இருக்கும் இரவில் ஒருவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

குழந்தைகள் விளையாட பழைய போன் கொடுப்பவர்கள் கவனிக்கவும். சிம் இல்லாத, சேவை நிறுத்திய போனிலிருந்தும் 911 போகும், அப்படித்தான் விதி. ஆனால் எனக்குத் திரும்ப அழைக்க எண் வராது. யாராவது உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறார்களா, ஒரு குழந்தை விளையாடுகிறதா என்று மூச்சுச் சத்தத்தை வைத்து ஊகித்துக்கொண்டிருப்பேன்.

பேசவே முடியாத நிலைமை என்றால்?

வீட்டுக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள், அல்லது அடிக்கிற ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். அப்போது பல கவுண்டிகளில் 911 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். எல்லா இடத்திலும் இந்த வசதி இல்லை. இல்லாத இடத்தில் "செய்தி போகவில்லை, அழையுங்கள்" என்று பதில் வரும். குறுஞ்செய்தியிலும் முதல் வரி முகவரி.

குறுஞ்செய்தி அனுப்பவும் வழியில்லை என்றால் அழைத்துவிட்டுப் போனைத் திறந்தே வையுங்கள். நான் பேசாமல் கேட்பேன். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி கேள்விகளை மாற்றிக்கொள்வேன். ஒரு பெண் என்னிடம் தன் தங்கையிடம் பேசுவது போலவே முகவரியைச் சொல்லி முடித்தார்.

ஹோட்டல் அறையிலிருந்து 911 போகுமா?

இப்போது போக வேண்டும். 2013 டிசம்பரில் டெக்சஸின் மார்ஷல் ஊரில் ஒரு மோட்டல் அறையில் கேரி ஹன்ட் என்ற பெண் கொல்லப்பட்டார். அவருடைய ஒன்பது வயது மகள் சொல்லிக்கொடுத்தபடியே 911 அழுத்தினாள், நான்கு முறை. வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தாயின் பெயரிலேயே 2018-இல் சட்டம் வந்தது. 2020 பிப்ரவரி 16-இலிருந்து ஹோட்டல், அலுவலகம் போன்ற இடங்களில் புதிதாக வைக்கும் பல-லைன் போன் அமைப்புகள் முன் எண் எதுவும் இல்லாமல் நேராக 911-க்குப் போக வேண்டும். ஹேலிவில் அழைப்பின் அதே தேதி. ஆனாலும் பழைய மோட்டலில் தங்கும்போது மேசையில் இருக்கும் போனின் குறிப்பைப் படித்துவிட்டுக் குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள்.

டொர்னாடோ (சுழல்காற்று) வந்தால் உங்களுக்கு என்ன வேலை?

தேசிய வானிலை சேவை எச்சரிக்கை விட்டதும் ஊர்களின் சைரனை ஒலிக்கவிடுவது எங்கள் கை. சைரன் வெளியே நிற்பவர்களுக்கானது. ஜன்னல் மூடித் தூங்குபவரை அது எழுப்பும் என்று நம்பாதீர்கள். போனில் வரும் அவசர எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள். தயவுசெய்து "சைரன் ஏன் அடிக்கிறது" என்று கேட்க 911 அழைக்காதீர்கள். அந்த இருபது நிமிடத்தில் இருக்கும் நான்கு லைனும் வீடு இடிந்தவர்களுக்கு வேண்டும்.

911-ஏ வேலை செய்யாமல் போகுமா?

போயிருக்கிறது. 2024 ஏப்ரல் 17 மாலை நெப்ராஸ்கா, தெற்கு டகோட்டா, நெவாடா மாநிலங்களில் பல இடங்களில் 911 அழைப்புகள் போகவில்லை. மிசௌரி மாநிலத்தில் கான்சாஸ் சிட்டியில் ஒரு விளக்குக் கம்பம் நடும்போது ஒளியிழை வடம் அடிபட்டதுதான் காரணம். நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஒரு கம்பம், இங்கே எங்கள் போன் ஊமை. அன்று மையங்கள் தங்கள் சாதாரணப் பத்து இலக்க எண்களைச் சமூக ஊடகத்தில் போட்டன. அதனால் சொல்கிறேன்: உங்கள் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தின் பத்து இலக்க எண்ணை இன்றே போனில் சேமித்து வையுங்கள்.

மகள் அமெரிக்காவில் தனியாக இருக்கிறாள், போன் எடுக்கவில்லை. இந்தியாவிலிருந்து 911 அழைக்கலாமா?

அந்த எண் அங்கிருந்து இங்கே வராது. அமெரிக்காவுக்குள்ளேயே வேறு மாநிலத்திலிருந்து அழைத்தாலும் அழைப்பவர் இருக்கும் ஊரின் அறைக்குத்தான் போகும். மேலே சொன்னது போன்ற, மகள் இருக்கும் இடத்தின் பத்து இலக்க எண்தான் வழி: நாட்டு எண்ணைச் சேர்த்து அழையுங்கள். முகவரி, அடுக்ககம் என்றால் கதவு எண், கடைசியாக எப்போது பேசினீர்கள், ஏன் பயப்படுகிறீர்கள் என்று சொல்லுங்கள். ஒருவரை அனுப்பிப் பார்த்துவரச் சொல்வோம். இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி யாரோ ஓர் அம்மாவின் அழைப்பு வருகிறது.

அழைத்தால் காசு உண்டா?

அழைப்புக்கு இல்லை. ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனால் பில் வரும். 911 அறைகளுக்கான பணம் உங்கள் போன் பில்லில் மாதாமாதம் பிடிக்கும் சிறு கட்டணத்திலிருந்தும் கவுண்டியின் பொது நிதியிலிருந்தும் வருகிறது. போன்கள் குறைவாக இருக்கும் கவுண்டியில் கட்டணமும் குறைவு. ஆனால் ரேடியோ டவரின் விலை எங்கேயும் ஒன்றுதான். இந்தக் கணக்கு எங்களைப் போன்ற இடங்களுக்கு எப்போதும் இடிக்கிறது.

இந்த வேலையில் சேர என்ன வேண்டும்?

பள்ளிப் படிப்பு, வேகமான தட்டச்சு, கைரேகை எடுத்து நடத்தும் பின்னணிச் சோதனை, பிறகு மாதக்கணக்கில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி. பாதியில் போகிறவர்கள் அதிகம். அரசாங்கத்தின் தொழில் வகைப்பாட்டில் எங்களை இன்னும் அலுவலக, நிர்வாக உதவிப் பணியாளர்கள் என்றுதான் வைத்திருக்கிறார்கள். தீயணைப்பு வீரரும் காவலரும் இருக்கும் பிரிவில் இல்லை. இதை மாற்ற வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் மசோதா வருவதும் கிடப்பதுமாக இருக்கிறது. அந்த எழுபது வயது அம்மாவுடன் எண்ணிய நிமிடங்களை எழுத்தர் வேலை என்று சொல்வது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அழைத்தவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியவருமா?

பெரும்பாலும் தெரியாது. சின்ன ஊர் என்பதால் சில நேரம் மளிகைக் கடையில் யாராவது சொல்வார்கள். மற்றபடி ஆம்புலன்ஸ் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததோடு எங்கள் பதிவு முடிந்துவிடும்.

அந்த ஐ-80 பையன்களைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. எனக்கும் தெரியாது. "லைட் தெரியுது" என்றவன் போனை வைத்துவிட்டான். வைக்கத்தான் வேண்டும், கையில் வேலை இருந்தது. 3:41-க்கு ஆம்புலன்ஸ் மருத்துவமனை வாசலை அடைந்ததாக ரேடியோவில் சொன்னார்கள். நோயாளி விழித்திருக்கிறார், பேசுகிறார் என்றார்கள். அதை அடித்துப் பதிவை மூடினேன். 3:45-க்கு அடுத்த அழைப்பு: வடக்கே ஒரு கவுண்டி ரோட்டில் கறுப்பு மாடுகள் நிற்கின்றன, இருட்டில் தெரியவில்லை, யாருடையவை என்று கேட்டுச் சொல்லுங்கள்.